எஃகுச் சட்டகக் கட்டடங்களுக்கான நிலநடுக்க விதி: எஃகை எங்கே குறைக்கலாம்?

வலுவான நிலநடுக்கம் தரும் முழு விசையையும் எஃகுச் சட்டகம் சிறு சேதமுமின்றித் தாங்க வேண்டும் என்று வடிவமைப்பு விதிகள் பொதுவாகக் கோருவதில்லை. அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 7 விதித்தொகுப்பின்படி, தூணும் உத்தரமும் விறைப்பாக இணைந்த சிறப்பு வகைச் சட்டகத்துக்கு அந்த விசையை 8ஆல் வகுத்துக்கொள்ளலாம்; அதே அமைப்பின் சாதாரண வகைக்கு 3.5ஆல் மட்டுமே வகுக்கலாம். இந்தக் குறைப்புக்கு ஈடாக, எஃகு முறியாமல் மீண்டும் மீண்டும் வளைந்து அதிர்வின் ஆற்றலை உட்கொள்ளும்படி சட்டகம் அமைய வேண்டும்.

எங்கே வளைய வேண்டும் என்பதையும் விதியே சொல்கிறது: உத்தரத்தின் முனைகளில். ஒரே தளத்தின் தூண்கள் எல்லாம் வளைந்தால் அந்தத் தளம் முழுவதும் சரிந்துவிடும் என்பதால், ஓர் இணைப்பில் சேரும் தூண்களின் வளைவு வலிமை, உத்தரங்களின் வலிமையைப்போல் குறைந்தது 1.3 மடங்கு இருக்க வேண்டும் என ஐரோப்பாவின் நிலநடுக்க வடிவமைப்பு விதித்தொகுப்பான யூரோகோட் 8 வரையறுக்கிறது.

எடையைக் குறைக்க முனையும் வடிவமைப்பாளர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். விசையைக் குறைத்துக் கணக்கிட்டாலும், தளங்களுக்கிடையேயான பக்கவாட்டுப் பெயர்ச்சியை மீண்டும் பெருக்கியே சரிபார்க்க வேண்டும். ஏ.எஸ்.சி.இ. 7இன்படி, நான்கு மாடிக்கு மேற்பட்ட வழக்கமான கட்டடத்தில் அது தள உயரத்தில் 2 விழுக்காட்டை, அதாவது 4 மீட்டர் உயரத் தளத்தில் 8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆகவே இத்தகைய சட்டகங்களில் எஃகின் அளவைப் பல வேளைகளில் வலிமையை விட விறைப்பே, அதாவது எளிதில் அசைந்துகொடுக்காத தன்மையே, தீர்மானிக்கிறது. பெயர்ச்சி மிகும்போது உத்தரத்தைப் பெரிதாக்கினால், அதனினும் வலிய தூண் தேவைப்படும். விறைப்புக் கூடியதால் அலைவு நேரம் (கட்டடம் ஒருமுறை ஆடி மீளும் நேரம்) குறைந்து, கட்டடத்தின் மீது வரும் விசையும் பெரும்பாலும் உயரும். தூண்–உத்தர வலிமை விகிதத்தை, மிகக் குறைந்த எடையுள்ள சட்டகத்தைக் கண்டறியும் கணினித் தேடலின் தொடக்கத்திலேயே நிபந்தனையாக வைப்பதே சரி என்று உறுதியாகச் சொல்லலாம். இறுதியில் மட்டும் சரிபார்த்தால், மிகக் குறைந்த எடை என்று கிடைத்த விடை செல்லாமல் போகக்கூடும். சந்தையில் வரும் எஃகு, குறிப்பிட்டதைவிட வலிமையாக இருப்பதும் உண்டு. உத்தரத்தில் அந்தக் கூடுதல் வலிமை தூணுக்கும் இணைப்புக்கும் சுமையாகிறது என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இணைப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. 1994 ஜனவரி 17இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின், இடிந்து விழாத பல கட்டடங்களிலும் உத்தரம் தூணோடு சேரும் பற்றவைப்புகள் விரிசல் கண்டிருந்தன. அதன்பின் கடுமையான விதிகளின்படி, சிறப்புச் சட்டகத்தின் இணைப்பு 4 விழுக்காடு தளப் பெயர்ச்சி வரை முன்னும் பின்னும் அசைந்து தாங்குவது சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படித் தேறிய ஒரு முறை, தூணுக்குச் சற்றுத் தள்ளி உத்தரத்தின் மேல், கீழ்ப் பட்டைகளின் ஓரங்களை வளைவாக வெட்டி, வளைவு அங்கேயே நிகழச் செய்வது. பட்டை அகலத்தில் பாதிவரை வெட்டினால், கணக்கிட்ட பெயர்ச்சியை 1.1ஆல் பெருக்கி, வரம்புக்குள் நிற்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.