பச்சை வட்டம் போட்ட ரிப்போர்ட்

ஒரே ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று விற்கிறார்கள்; அந்த ரிப்போர்ட்டோடு என் கிளினிக்குக்கு வந்தவர்களில், போன வாரம் வந்தவரையும் சேர்த்தால் இந்த வருடத்தில் நான்காவது ஆள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை. வெளியே வரிசை எண்ணோடு காத்திருப்பவர்களுக்கும் பொறுமையில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

வந்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். பையிலிருந்து பளபளப்பான ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "மூலமாத்தான் இருக்கும் டாக்டர். கேன்சர் எல்லாம் இல்லை, ரத்தத்துலயே பார்த்தாச்சு." மகள் பிறந்தநாளுக்கு எடுத்துக் கொடுத்த உடல்பரிசோதனை பேக்கேஜ். நோய் எதிர்ப்பு அணுக்களைப் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடும் சோதனையாம். பக்கத்தின் நடுவே ஒரு பச்சை வட்டம், அதற்குள் 'குறைந்த அபாயம்'. அன்றே கொலோனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு, கடிதம் எழுதினேன். கட்டி இருந்தது.

மற்ற மூவருக்கும் கதை நேர்மாறு. அவர்களுக்கு வந்தது சிவப்பு வட்டம். ஒரு பெண்மணி சிடி ஸ்கேன், பிறகு பெட் ஸ்கேன், அதில் தெரிந்த ஏதோ ஒரு புள்ளிக்காக நுரையீரலில் திசு எடுக்க ஊசி என்று இரண்டு மாதம் அலைந்தார். கடைசியில் ஒன்றுமில்லை. பழைய தழும்பு. (எங்கள் தொழிலையும் கொஞ்சம் திட்ட வேண்டும். சிவப்பு ரிப்போர்ட் கையில் வந்துவிட்டால், "இதை விட்டுத்தள்ளுங்கள்" என்று சொல்லும் துணிச்சல் பல டாக்டர்களுக்கு வருவதில்லை. ஸ்கேன் எழுதிவிடுவது எளிது.)

இந்தச் சோதனைகளில் பல வகை உண்டு. சில, நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான இயற்கைக் கொல்லி அணுக்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று அளக்கின்றன. சில, வேண்டாததை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் விழுங்கிய புற்றுநோய்ப் புரதத்தின் சுவடைத் தேடுகின்றன. யோசனை மட்டமானது அல்ல, ஆய்வுக்கூடத்தில் சுவாரசியமான வேலைதான். ஆனால் கொல்லி அணுக்கள் வைரஸ் காய்ச்சலுக்கும் தூக்கக்கேட்டுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் கூட ஏறி இறங்கும். முந்தின வாரம் சளிக்காய்ச்சல் இருந்ததா என்று அந்த நான்கு பேரிடம் யாராவது கேட்டார்களா? இல்லை.

குழம்ப வேண்டாம்: ரத்தப் புற்றுநோய் வேறு விஷயம். அங்கே அந்த அணுக்களே நோயாளி, சாதாரண ரத்த அணு எண்ணிக்கையிலேயே பல சமயம் துப்புக் கிடைக்கும்.

சரி, என்னை அதிகம் கடுப்பேற்றும் வாக்கியத்துக்கு வருகிறேன். "டாக்டர், 95 சதவீதம் துல்லியம்னு போட்டிருக்கே." போட்டிருக்கட்டும். அதனால் சிவப்பு வந்தவருக்குப் புற்றுநோய் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. படித்தவர்கள், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் கூட இங்கேதான் வழுக்குகிறார்கள்.

இங்கே சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங் ரோட்டுக்கு நடக்கிற கூட்டத்தில் 10,000 பேரை நிறுத்துங்கள். அவர்களில் 100 பேருக்கு வெளியே தெரியாத புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாராளமான கணக்குதான். சோதனை 95 பேரைப் பிடிக்கும், 5 பேரைப் பச்சை வட்டம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். மீதி 9,900 பேர் நோயில்லாதவர்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் விஷயத்தில் சோதனை தவறும். அது 495 பேர். மொத்தம் 590 சிவப்பு வட்டம், அதில் உண்மை 95. ஆறில் ஒருவர்! மற்ற ஐந்து பேரும் சும்மா பயந்து, சும்மா செலவழித்து, சும்மா கதிர்வீச்சு வாங்கிக்கொள்வார்கள். இதுவும் அந்த 95 உண்மையாக இருந்தால்தான்.

அந்த 95 எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே நோய் முற்றி மருத்துவமனையில் இருப்பவர்களின் ரத்தத்தையும், ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த எண். அவர்களைப் பிரித்தறிய எனக்குச் சோதனையே வேண்டாம், வாசலில் நடந்து வரும்போதே சொல்லிவிடுவேன். அறிகுறி இல்லாத, சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம் அது என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

"சீக்கிரம் தெரிந்தால் நல்லதுதானே?" இதுவும் அடிக்கடி வரும். பிரிட்டனில் 200,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, சூலகப் புற்றுநோயைத் தேட சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை. 2021இல் முடிவு வந்தது. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் கூடினார்கள், இறந்தவர்கள் குறையவில்லை. அத்தனை காலம் காத்திருந்து, அத்தனை பேரை வைத்துப் பார்த்த பிறகு வந்த பதில் இது. உங்கள் பேக்கேஜில் உள்ள சோதனைக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனோடு, கல்லீரல் புற்றுநோய்க்கான ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் எடுக்கத்தான் வேண்டும். அங்கே நோய் வர வாய்ப்பு உண்மையாகவே அதிகம், அதனால் கணக்கே மாறிவிடுகிறது. ஆரோக்கியமான ஆள் ரத்தத்தில் பதினைந்து புற்றுநோய்க் குறியீடுகளை மொத்தமாக எடுப்பது வேறு. சிஇஏ என்ற குறியீடு புகைபிடிப்பவருக்கு ஏறும், சிஏ 125 மாதவிடாயின்போதே ஏறும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பது வயதானால் வருடத்துக்கு ஒருமுறை ஃபிட் மலப் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுவது. பெண்களுக்கு நாற்பதிலிருந்து வருடாவருடம் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ஐம்பதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கருப்பைவாய்க்கு 25இலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாப் ஸ்மியர், 30இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எச்பிவி வைரஸ் பரிசோதனை. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்த சிங்கப்பூரர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முழு மானியம் உண்டு. பேக்கேஜ் விலையைவிட மிகக் குறைவாக ஆகும் இதைத்தான் பலரும் செய்வதில்லை.

குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது வந்திருந்தால் இந்த அட்டவணை பொருந்தாது, தனியாக வந்து பேசுங்கள். ஏற்கெனவே சிவப்பு ரிப்போர்ட் கையில் இருந்தால், தயவுசெய்து நேராக ஸ்கேனுக்கு ஓடாமல் அதை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப டாக்டரிடம் வாருங்கள். பச்சை இருந்தால், மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு, மூன்று வாரத்துக்கு மேல் இருமல் எதையும் அந்தக் காகிதத்தை நம்பி அலட்சியப்படுத்தாதீர்கள். பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு பேக்கேஜ் வாங்கித் தராதீர்கள். ஒருநாள் விடுப்பு எடுத்து அம்மாவை மேமோகிராமுக்கு கூட்டிப் போங்கள்.

நுரையீரலில் ஊசி போட்டுக்கொண்ட ஆண்ட்டி நேற்று ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தார். ஃபிட் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டேன். போன வருடம் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தில் இலவசமாக வாங்கிய பெட்டி சமையலறை இழுப்பறையில், பழைய பேட்டரிகளுக்குக் கீழே இருக்கிறதாம். "அது கொஞ்சம் அருவருப்பா இருக்கு டாக்டர்." காலாவதித் தேதி தாண்டியிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மலத்தைத் தொட்டெடுக்க இரண்டு குச்சி, இரண்டு நாள், அவ்வளவுதான். அடுத்த மாதம் மாத்திரைக்கு வரும்போது மறுபடி கேட்பேன்.