சிபில் மதிப்பெண்ணே இல்லாதவர் கார் கடன் கேட்கும்போது

கார் கடனுக்கு ஆலோசனை கேட்டு வருபவர்களில் ஒரு சாரார், உட்கார்ந்ததும் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற தொனியில், "சார், எனக்கு சிபிலே இல்லை" என்று சொல்கிறார்கள். வாங்கிய கடனை ஒருவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதை வைத்துத் தரப்படும் சிபில் மதிப்பெண்ணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். யார் இவர்கள் என்று பார்த்தால், வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர், வீட்டுக் கடன் முழுவதும் கணவர் பெயரிலேயே இருந்துவிட்ட ஆசிரியை, கையிருப்பு ரொக்கத்திலேயே கடையைப் பெருக்கிய மளிகை வியாபாரி, முதல் வேலையில் சேர்ந்து ஓராண்டான இளைஞர் என்று பெரும்பாலும் கடனில் நாணயம் தவறாதவர்களாகவே இருக்கிறார்கள். பத்து ஆண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் சீட்டுக் கட்டியவரும், தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்றைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தவரும் ஊருக்குள் மதிப்பானவர்கள்தாம் என்றாலும், அந்த மதிப்பு எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்தியாவில் இப்பதிவுகளை வைத்திருப்பவை டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை இயங்குகின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை செல்லும். கடன் வரலாறே இல்லாதவரின் அறிக்கையில் மதிப்பெண்ணுக்குரிய இடத்தில் -1 என்று நிற்கும். இதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. ஆனால் 550 வாங்கியவர் எங்கோ தவணை தவறியவராக இருக்கக்கூடும், -1 பெற்றவரைப் பற்றியோ சொல்வதற்கு இன்னும் எதுவும் இல்லை, அவ்வளவுதான். வாகனக் கடனுக்கான வட்டியை மதிப்பெண் அடுக்குகளின்படி வகுத்திருக்கும் சில பொதுத்துறை வங்கிகள், தங்கள் பட்டியலில் -1க்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றன. மேலும், முதன்முறையாகக் கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 தேதியிட்ட தலைமை வழிகாட்டுதலில் அறிவுறுத்தியுள்ளது. கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. வருமானத்தையும் வேறு விவரங்களையும் பார்த்து வங்கி மறுக்கலாம்.

ஆகவே, கடன் கிடைக்குமா என்பதைவிட என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே இவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய விஷயம். கிடைக்காது என்று மனத்தளவில் முடிவுகட்டிவிட்டு ஷோரூமுக்குள் நுழைபவர், அங்கே யாராவது "நான் முடித்துத் தருகிறேன்" என்றதும் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு பெண்மணி, பழைய கார் வாங்குவதற்காகத் தமக்குத் தரப்பட்ட கணக்கை என்னிடம் காட்டினார். விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள்: கடன் 5,00,000 ரூபாய், வட்டி 10 சதவீதம், 60 மாதம், தவணை 12,500. பத்து சதவீதம் நியாயம்தானே என்பது அவருடைய எண்ணம். வங்கிகள் வழக்கமாகச் சொல்லும், குறையும் நிலுவை மீதான, அதாவது மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் போடும் 10 சதவீதமாக இருந்தால் மாதத் தவணை சுமார் 10,624 ரூபாய்தான் வரும். ஐந்தாண்டு வட்டி மொத்தம் 1,37,000 ரூபாயைச் சற்றே தாண்டும். அந்தத் தாளில் இருந்ததோ ஃபிளாட் வட்டி. அதாவது, மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு ஐந்து லட்சத்துக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடும் கணக்கு. அதன்படி வட்டி மட்டும் 2,50,000 ரூபாய். குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் அது 17 சதவீதத்துக்கும் மேல். "சிபில் இல்லாததால் இதுதான் முடியும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய சம்பளம் பல ஆண்டுகளாக ஒரே வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அந்த வங்கியில் அவர் விசாரிக்கவே இல்லை.

சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்கே முதலில் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மதிப்பெண் இல்லாதபோது வங்கி பார்ப்பது பணப்போக்கைத்தான்: கடைசி ஆறு மாதக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வேலை தரும் நிறுவனம் கொடுக்கும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 அல்லது வருமான வரி ரிட்டர்ன், ஒரே நிறுவனத்தில் எத்தனை காலம் வேலை, ஏற்கெனவே கட்டிவரும் தவணைகள், திரும்பி வந்த காசோலை ஏதும் உண்டா என்பவை. சுயதொழில் செய்பவர் விற்பனையை முழுவதும் ரொக்கமாகவே வைத்திருந்தால் வங்கிக்குக் காட்ட ஒன்றுமிருக்காது. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் ஓராண்டுக்கு முன்பே வரவைக் கணக்கு வழியாகக் கொண்டுவரவும், ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் தொடங்குவது நல்லது. முன்பணம் கூடக் கூட, வங்கியின் தயக்கம் குறையும்.

தந்தையையோ வாழ்க்கைத் துணையையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பதும் வழக்கம். அவருடைய நல்ல மதிப்பெண் உதவும். ஆனால் ஒரு தவணை தவறினாலும் அது இருவர் அறிக்கையிலும் ஏறும் என்பதைக் கையெழுத்திடும் பெரியவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

ஷோரூமில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, உங்கள் ஆவணங்களை வாங்கிக்கொண்டு ஒரே நாளில் நான்கைந்து நிறுவனங்களுக்கு அனுப்பிவிடும் பழக்கம். ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் அறிக்கையைக் கேட்டது பதிவாகிவிடும். வேறு வரலாறே இல்லாத அறிக்கையில் விசாரணைகள் மட்டும் வரிசையாக நின்றால், அடுத்துப் பார்ப்பவருக்கு அது பணமுடையாகத் தோன்றும். எந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டு, ஒன்றின் பதில் வந்த பிறகு அடுத்ததற்கு அனுமதி கொடுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் பாதிப்பில்லை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

விலையைக் கண்டுபிடிக்க இப்போது நல்ல கருவி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கான சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் கொடுப்பவர் தந்தாக வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. எனவே தமிழில் கேட்பது சலுகை கோருவது ஆகாது. அதில் ஆண்டுச் சதவீத விகிதம் என்று ஒரு வரி இருக்கும். பிராசஸிங் கட்டணம், கடனோடு சேர்த்துக் கட்டிவிடும் காப்பீட்டுத் தொகை போன்றவற்றையும் உள்ளடக்கிய உண்மையான செலவு அதுதான். பேனாவில் எழுதித் தரும் ஃபிளாட் வட்டி அந்த வரியில் ஒளிந்துகொள்ள முடியாது. அறிக்கையில் சொல்லப்படாத கட்டணம் எதையும் உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இன்றிப் பின்னால் வசூலிக்க முடியாது. கார் கடன் போன்ற நீண்ட காலக் கடனில், அறிக்கையில் கண்ட நிபந்தனைகளை ஏற்க உங்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. "இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி" என்பவரிடம் இதை நினைவூட்டலாம். கடனை முன்கூட்டியே அடைக்கும் எண்ணமிருந்தால், வட்டி நிலையானதா மாறக்கூடியதா, முன்னடைப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதிலேயே பாருங்கள்.

அவசரம் இல்லாதவர்கள், நிரந்தர வைப்புத்தொகையைப் பிணையாகக் கொடுத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, பெட்ரோலுக்கும் மின்கட்டணத்துக்கும் மட்டும் பயன்படுத்தி, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவந்தால், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மதிப்பெண் உருவாகத் தொடங்கும். ஸ்கோர் ஏற்றுவதற்கென்றே கைபேசிச் செயலியில் கடன் வாங்குவது என் பார்வையில் வீண் வேலை.

கடைசித் தவணை கட்டியதும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும், அடமானம் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35ம் பெற்று, ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பை நீக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; பிறகு கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். காட்டவில்லையென்றால் திருத்தம் கோரிப் புகார் கொடுக்கலாம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு உண்டு.