சரிபார்த்தும் தப்பாகும் கணக்கு

பிரதியிடல் முறைக் கணக்குகளை, அதாவது இரண்டு சமன்பாடுகளில் ஒன்றிலிருந்து ஒரு மாறியைத் தனியாக்கி மற்றதில் போட்டுத் தீர்க்கும் கணக்குகளைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படுவது இது. விடை தப்பு. ஆனால் கீழே ‘சரிபார்த்தல்’ என்று எழுதி டிக்கும் போட்டிருக்கும். கூப்பிட்டுக் கேட்டால், “செக் பண்ணினேனே சார், வருதே!” என்பார்கள். பொய்யில்லை, வரத்தான் செய்யும்.

மாறிகளை க, ச என்று வைத்துக்கொள்வோம்.

3க − 2ச = 4 … (1)
2க + ச = 5 … (2)

(2)-இல் ச-வின் கெழு (அதன் முன்னால் நிற்கும் எண்) 1. அதைத் தனியாக்கினால் ச = 5 − 2க; வேறு எதைத் தொட்டாலும் பின்னம் வந்து நிற்கும். இனி (1)-இல் பிரதியிட வேண்டும். கை வழுக்குவது இங்கேதான். அடைப்புக்குறி போடாமல் 3க − 2 × 5 − 2க = 4 என்று எழுதிவிடுவார்கள். க = 14 வரும். ச = 5 − 28 = −23.

இதை (2)-இல் போட்டுப் பார்க்கிறார் மாணவர்: 28 − 23 = 5. அச்சாகப் பொருந்துகிறது! பொருந்தாமல் எங்கே போகும்? ச-வை எடுத்ததே அந்தச் சமன்பாட்டிலிருந்துதானே. க-வுக்கு 100 வந்தாலும் 1000 வந்தாலும் (2) தலையாட்டும். (1)-இல் போட்டிருந்தால் 42 + 46 = 88 என்று வந்து, 4 எங்கே என்று குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அடைப்புக்குறியோடு எழுதினால் 3க − 2(5 − 2க) = 4. மைனஸும் மைனஸும் சேர்ந்து பிளஸ்: 3க − 10 + 4க = 4. க = 2, ச = 1.

நேரமிருந்தால் இரண்டு சமன்பாட்டிலும் சரிபார்க்கலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், மாறியைத் தனியாக்காத சமன்பாட்டில் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் 9-ஆம் வகுப்பிலும் சிபிஎஸ்இ-யில் 10-ஆம் வகுப்பிலும் இந்தப் பாடம் வருகிறது. வீட்டில் நோட்டைப் புரட்டும் பெற்றோர், டிக் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அது எந்தச் சமன்பாட்டுக்குப் போட்ட டிக் என்று கேட்கலாம்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. (2)-இலிருந்து எடுத்த ச-வை (2)-லேயே பிரதியிடுவது: 2க + 5 − 2க = 5, அதாவது 5 = 5. உடனே ‘எண்ணற்ற தீர்வுகள்’ என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் சொல்ல, மற்ற சமன்பாட்டில் பிரதியிட்டபோது மாறி மறைந்திருக்க வேண்டும். (1)-க்குப் பதில் 4க + 2ச = 10 இருந்தால் 10 = 10; தீர்வுகள் உண்மையிலேயே எண்ணற்றவை. வலப்பக்கம் 12 என்றிருந்தால் 10 = 12; தீர்வே கிடையாது.