தெய்வீக வாசிப்பா, மறை ஓதலா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கத்தோலிக்கப் பங்குகளில் தியானம் (சில நாள் ஒதுங்கியிருந்து செபிக்கும் ஒடுக்கம்) என்றால் நோட்டீஸில் 'தெய்வீக வாசிப்பு' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. விவிலிய வசனத்தை மெல்ல வாசித்து, அதிலேயே தங்கி மன்றாடும் பழைய மடத்துப் பழக்கம் அது; 'லெக்சியோ டிவினா' என்ற அதன் லத்தீன் பெயருக்கு யாரோ போட்ட தமிழ்.

'லெக்சியோ' வாசிப்பு, 'டிவினா' இறைவனுக்குரியது. கைவேலைக்கும் இதற்கும் நேரம் பிரித்துக் கொடுத்தது 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, 48ஆம் அதிகாரம். பிறகு 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி அதை நான்கு படிகளாக்கினார்: வாசித்தல், மனதில் ஆழ்ந்து எண்ணுதல், மன்றாடுதல், இறைவன் முன் அமைதியில் நிலைத்திருத்தல். வரலாறு இவ்வளவு போதும்.

சரி, 'தெய்வீக' என்பதில் என்ன தப்பு? நம் பேச்சில் அது பாராட்டு. பாடகர் குரல் தெய்வீகம், சாம்பிராணி வாசனை தெய்வீகம். 'தெய்வீக வாசிப்பு' என்றால் யாரோ உருக்கமாக வாசித்துக் காட்டப்போகிறார் என்றுதான் காதில் விழும். லத்தீன் சொல்வது வேறு: வாசிக்கப்படுவது இறைவனின் சொல். 'வாசிப்பு' என்பதும் இங்கே பேப்பருக்கும் ஒக்டோபரில் வரும் வாசிப்பு மாதத்துக்கும் போய்விட்டது. கண் ஓடினால் போதும், வாய் அசைய வேண்டியதில்லை.

இந்தப் பழக்கமோ வாயில் தொடங்குவது. திருப்பாடல் 1:2இல் உள்ள எபிரேயச் சொல் 'ஹாகா', முணுமுணுத்தல். எசாயா 31:4இல் இரைமேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். பழைய தமிழ் வேதாகமம் 'தியானமாயிருக்கிற' என்று போட்டு வாயை மூடிவிட்டது. எங்கள் அம்மாயி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரே வசனத்தை விரலால் தொட்டுத் தொட்டு முணுமுணுப்பார். பக்கத்தைத் திருப்பவே மாட்டார். அதற்குத் தமிழில் பெயர் ஓதல். ஆகவே, மறை ஓதல்.

அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் உரிய சொல்லாம். தேவாரமும் ஓதுகிறார்கள், குர்ஆனும் ஓதுகிறார்கள், உண்மைதான். நம்மை 'வேதக்காரர்' என்று கூப்பிட்ட ஊர், நாம் ஓதினால் மட்டும் கோபிக்குமா? ஓதல் என்றால் ஒப்பித்தல் ஆகிவிடும் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்குத்தான் இரண்டாவது படி. வசனத்தை மனதில் போட்டு மெல்லுவதை லத்தீன் துறவிகள் 'ருமினாட்சியோ' என்றார்கள், மாடு அசைபோடுவதைச் சொல்லும் சொல். நம்மிடம் 'அசைபோடுதல்' தயாராகவே இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குத் தொழுவத்து வாடை ஆகாது போலும், அங்கேயும் 'தியானம்'.

மூன்று நாள் ஒடுக்கமும் தியானம், அதில் இரண்டாம் படியும் தியானம், நான்காம் படி 'ஆழ்நிலைத் தியானம்'. கடைசியில் சொன்னது மகரிஷி மகேஷ் யோகி பரப்பிய தியான முறைக்குத் தமிழில் ஏற்கெனவே வழங்கும் பெயர் என்பதையாவது பார்த்திருக்கலாம். நான்காம் படிக்குச் 'சும்மா இருத்தல்' போடலாமே என்று கேட்டால், சோம்பேறித்தனமாகத் தொனிக்கிறதாம். சித்தர்களுக்கு அப்படித் தொனிக்கவில்லை.