"மாமா, என் காருக்கும் டர்போ போடலாமா?"

கடலூர் முதுநகரில் ஒரு டீசல் மெக்கானிக் கடை. விசைப்படகிலிருந்து கழற்றிய டர்போ ஒன்று மேசைமேல் கிடந்தது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு நத்தைக் கூடுகள் மாதிரி இருக்கும். நடுவே ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் சின்ன விசிறிச் சக்கரங்கள். ஒன்று கரி அப்பிக் கறுத்திருந்தது, இன்னொன்று பளபளத்தது. கறுத்ததை விரலால் தட்டினேன், மற்றதும் சேர்ந்து சுற்றியது. விஷயமே அவ்வளவுதான். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, மற்றது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கூட வந்த அக்கா மகன் பாண்டிச்சேரியில் 1200 சிசி பெட்ரோல் கார் வைத்திருக்கிறான். "மாமா, என் காருக்கும் இதைப் போடலாமா?" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவன் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழு மூச்சு இழுத்தால் நிமிடத்துக்கு 1800 லிட்டர் காற்று, எடையில் சுமார் 2 கிலோ. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக, காற்றுதான் எல்லை. பெட்ரோலை மட்டும் கூட்டிப் பயனில்லை.

சரி, டர்போ வைத்து காற்றழுத்தத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால் காற்றும் ஒன்றரை மடங்கு வருமா? வராது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுமே, அதேதான் இங்கும். 30 டிகிரியில் உள்ளே போன காற்று 80 டிகிரியை ஒட்டி வெளிவரும். சூடான காற்று விரியும் என்பதால் கிடைப்பது 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான கூடுதல்தான். அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 40 சதவீதத்தைத் தாண்டும்.

அடுத்ததுதான் பெரிய சிக்கல், நாக்கிங். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்களில் பிஸ்டன் கலவையைப் பெரும்பாலும் பத்தில் அல்லது பதினொன்றில் ஒரு பங்காக அமுக்கும். ஏற்கெனவே அமுங்கிச் சூடேறி வந்த காற்றை இன்னும் அவ்வளவு நசுக்கினால் என்ன ஆகும்? பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிவரும்போதே, எதிர்மூலையில் எரியாமல் நிற்கும் கலவை நெருக்குதல் தாங்காமல் தானாக வெடிக்கும். 'டக் டக்'கென்று சுத்தியலால் அடிக்கிற சத்தம். விடாமல் அடித்தால் பிஸ்டன் உடையும், ஹெட் கேஸ்கட் போகும். டீசலில் அமுங்குவது வெறும் காற்று, டீசல் கடைசியில்தான் பீய்ச்சப்படுகிறது. படகுக்கு டர்போ அவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு அதுவே காரணம்.

அதனால் பெட்ரோல் காரில் டர்போவை மட்டும் வாங்கி மாட்டினால் போதாது. அமுக்க விகிதத்தைக் குறைக்கும் வலுவான பிஸ்டன், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், பிளக் பற்றும் நேரத்தை மாற்றி எழுதிய இசியு (எஞ்சினின் கணினி), அழுத்தம் மீறினால் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் எல்லாம் வேண்டும். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. என்னைக் கேட்டால், டர்போவோடு பிறந்த எஞ்சினை வாங்குவதே மேல். அவனிடமும் அதையே சொன்னேன்.

அவன் தண்டை ஆட்டிப் பார்த்தான், லேசாக ஆடியது. "கெட்டுப்போச்சா?"

"கொஞ்சம் ஆடணும் தம்பி," என்றார் மெக்கானிக். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் தண்டு அது. பேரிங்கைத் தொடாமல், மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. இசிஆரில் விரட்டி வந்து சட்டென்று சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும்; தேங்கிய ஆயில் அந்தச் சூட்டிலேயே கருகும். பேரிங்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி கரி உதிர்ந்தது.