'முதேஹர்' என்றால் கலப்பினமா?

ஸ்பெயினின் தொலேதோ நகரைப் பற்றித் தமிழாக்கப்படும் பயணக் கட்டுரைகளிலும் கலை வரலாற்றுக் குறிப்புகளிலும் 'கலப்பினக் கலை' என்றொரு தொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. கலப்பின மாடு தெரியும், கலப்பினச் சோளம் தெரியும். இப்போது தேவாலயக் கோபுரத்தையும் கால்நடைத் துறையின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மூலத்தில் இருக்கும் சொல் 'முதேஹர்', கிறிஸ்தவ ஆட்சியில் முஸ்லிம் கலை மரபில் எழுந்த ஒரு கட்டடப் பாணியின் பெயர். அதையாவது ஒழுங்காக எழுதுகிறார்களா என்றால், 'முடேஜார்' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்த இடத்தில் ஜகரம் ஒலிப்பதே இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் அவர்களுடைய மெல்லிய 'd' ஒலியை நம் தகரம் அப்படியே தரும்போது டகரத்துக்கு என்ன வேலை? ஊர்ப் பெயரும் தொலேதோதான். 'டோலிடோ' என்பது அமெரிக்காவின் ஒஹையோவில் இருக்கும் ஊர்.

சொல்லின் வேர் அரபி. 'முதஜ்ஜன்' என்றால் பழக்கப்பட்டது, அடங்கித் தங்கியது. அதே வேரில் பிறந்த 'தவாஜின்' இன்றும் வளர்ப்புக் கோழிகளைக் குறிக்கும். ஸ்பெயினின் கிறிஸ்தவ நாடுகளில் ஒன்றான காஸ்தீலியாவின் அரசன் ஆறாம் அல்போன்சோ, முஸ்லிம்கள் ஆண்ட தொலேதோவை 1085-இல் கைப்பற்றினான். அதுபோலக் கிறிஸ்தவ அரசர்களின் கைக்குப் போன ஊர்களில், வெளியேறாமல், தம் மதத்தை விடாமல், வரி கட்டித் தங்கிய முஸ்லிம்களே முதேஹர்கள். கட்டடப் பாணிக்கு இந்தப் பெயர் வந்தது வெகு பின்னால். 1859-இல் மாத்ரிதின் சான் பெர்னாந்தோ நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தபோது வரலாற்றாளர் ஹோசே அமதோர் தெ லோஸ் ரியோஸ் ஆற்றிய உரைதான் அதை நிலைநாட்டியது.

கால்நடை வாடை மூலத்திலேயே அடிக்கிறதே என்று யாராவது மடக்கலாம். அடிக்கிறதுதான். ஆனால் பழக்கப்பட்டது என்பது ஓர் உயிரின் நிலையைச் சொல்வது; கலப்பினம் என்பது அதன் பிறப்பைச் சொல்வது. அரபிச் சொல்லில் யார் யாருக்குக் கீழே வாழ்ந்தார்கள் என்ற அரசியல் இருக்கிறது. தமிழாக்கத்தில் அது காணாமல் போய், யாருக்கு யார் பிறந்தார்கள் என்ற விசாரணை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கலப்பினம் என்றால் முன்பே தூய இனங்கள் இரண்டு இருந்திருக்க வேண்டும். தொலேதோவில் அவற்றை எங்கே தேடுவது? கிறிஸ்தோ தெ லா லூஸ் என்ற சிறு கட்டடத்தைப் பாருங்கள். நான்கு தூண்கள், மேலே ஒன்றுபோல் ஒன்றில்லாத ஒன்பது வளைவுக் கூரைகள். மசூதியாகக் கட்டப்பட்டது. முகப்பில் செங்கல்லிலேயே பதித்த அரபிக் கல்வெட்டு ஹிஜ்ரி 390 என்கிறது, அதாவது 999-1000. ஆனால் உள்ளே இருக்கும் தூண்களின் தலைப்புகளோ அதற்கும் முந்திய, முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் காலத்தவை, வேறு கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது தேவாலயமானபோது, கிறிஸ்தவ வழிபாட்டுக்கென்று ஓர் அரைவட்டக் கருவறையை ஒட்டிக் கட்டினார்கள். அதுவும் அதே செங்கல், சுவரில் அதே வகை வளைவு வரிசைகள். இதில் எது தந்தை இனம், எது தாய் இனம்?

எல் த்ரான்சிதோ யூதத் தொழுகைக்கூடம் இன்னும் சிக்கல். அரசன் பேத்ரோவின் கருவூலத் தலைவர் சாமுவேல் ஹலேவி பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. சுவரின் சுதை வேலைப்பாட்டில் எபிரேய எழுத்து, அரபி எழுத்து, காஸ்தீலிய அரசின் கோட்டைச் சின்னம் மூன்றும் இருக்கின்றன. ஊரார் எழுதியதும் இப்படித்தான். தொலேதோவின் கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு, பதிமூன்றாம் நூற்றாண்டுகளில் நிலம் விற்ற பத்திரங்கள் அரபியில் உள்ளன. அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை ஆங்ஹெல் கொன்சாலெஸ் பலென்சியா 1926-இலிருந்து 1930 வரை பதிப்பித்தார். பத்திரம் எழுதியவரை நாம் 'கலப்பினத்தார்' என்போமா?

சரி, 'மூர்க் கலை' என்று போட்டால் என்ன என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தபோது அங்கிருந்த முஸ்லிம்களுக்கும் இதே பெயரைத்தான் சூட்டினார்கள். தமிழில் அவர்கள் சோனகர். கண்ணில் பட்ட முஸ்லிமுக்கெல்லாம் வைத்த பெயரைக் கொண்டு ஒரு நகரத்தின் சுவரை விளக்க முடியாது.

மக்களைக் குறிக்கும்போது 'தங்குகுடி' என்பேன். ஆட்சி மாறியும் தங்கினார்கள், குடிகளாக இருந்தார்கள். மூலச்சொல்லின் இரண்டு பொருளும் அதில் அடங்குகின்றன. பாணிக்கு மட்டும் 'முதேஹர் பாணி' என்றே இருக்கட்டும். தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கக் கூடும். ஆனால் அந்தச் சுவர்களை எழுப்பிய கொத்தனார்கள் எல்லோரும் தங்குகுடி முஸ்லிம்கள் அல்லர் என்று ஸ்பானிய ஆய்வாளர்களே அமதோரின் பெயரீட்டைக் கேள்வி கேட்கிறார்கள். அவர்கள் சந்தேகப்படும் ஒன்றை நாம் தமிழ்ப்படுத்தி உறுதியாக்க வேண்டியதில்லை.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், மொழிபெயர்ப்பாளர்கள் 'மொசாரபே' என்பதற்கும் 'மொரிஸ்கோ' என்பதற்கும்கூட இதே கலப்பினத்தைப் பூசுகிறார்கள். மொசாரபே என்பவர் முஸ்லிம் ஆட்சியில் வாழ்ந்த கிறிஸ்தவர், முதேஹருக்கு நேர் எதிர். மொரிஸ்கோ என்பவர், காஸ்தீலியாவில் 1502-இல் ஞானஸ்நானம் அல்லது நாடு கடத்தல் என்று நிறுத்தப்பட்டு, ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களும் அவர்களின் வழிவந்தவர்களும். 1609-இலிருந்து அந்தக் கிறிஸ்தவர்களையும் ஸ்பெயின் வெளியேற்றியது. அவர்களை 'மதம் மாறியோர்' என்று எழுதுவதும் தவறு, 'மாற்றப்பட்டோர்' என்று எழுதுங்கள்.