ஓட்டம் நின்ற பிறகும் ஓடும் வேர்வை

“டாக்டர், குளிச்சிட்டு வந்து சட்டை போட்டா பத்தே நிமிஷத்துல முதுகு நனைஞ்சிடுது. உடம்புல ஏதாவது கோளாறா?”

மே மாதம் பிறந்தால் சென்னையில் வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். காலையில் பூங்காவில் ஓடி, வீட்டுக்கு வந்த கையோடு இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, எட்டரைக்குள் ஆபீஸுக்குக் கிளம்புகிறவர்கள். கோளாறு ஒன்றுமில்லை. கால் நின்றுவிட்டது, உள்ளே ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

சூடு என்றதும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ‘உடம்பு சூடு’ என்றால் கண்ணெரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடும். நான் பேசுவது அதைப் பற்றியல்ல, தெர்மாமீட்டரில் ஏறும் சூட்டைப் பற்றி.

தசை செலவழிக்கும் சக்தியில் கால்வாசிதான் அசைவாக மாறுகிறது. மீதி முழுவதும் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் கிட்டத்தட்ட ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறார். அவரே நல்ல வேகத்தில் ஓடினால் 700, 800 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டி. இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் உடல் சூடேறும். அரை மணி நேர ஓட்டத்தில் ஆள் பிழைக்க மாட்டார்.

பிழைப்பதற்குக் காரணம் மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ். ரத்தத்தின் வெப்பம் ஏறுவதைக் கண்டதும் அது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, வேர்வைச் சுரப்பிகளைத் திறந்துவிடுகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். ‘ஆவியானால்’ என்பதுதான் இதில் முக்கியம். மண்பானைத் தண்ணீர் மதுரை வெயிலில் சில்லென்று ஆகிறது, கடலோரப் புழுக்கத்தில் அத்தனை குளிர்வதில்லை. நம் தோலும் அதே பானைதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. தரையில் சொட்டிய வேர்வையால் உங்களுக்கு நஷ்டம் மட்டுமே, குளிர்ச்சி கிடையாது. ‘இன்னைக்கு செம ஸ்வெட், செம வொர்க்அவுட்’ என்று சந்தோஷப்படும் ஜிம் தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, ஓட்டம் நின்ற பிறகு என்ன ஆகிறது? தசை புதிதாக வெப்பம் உண்டாக்குவது சில நிமிடங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அதுவரை தசைக்குள் தேங்கியது ரத்தத்தோடு கலந்து உடலெங்கும் பரவுகிறது. ஓடும்போது உள்வெப்பம் 38, 38.5 டிகிரிக்குப் போவது சகஜம். அது 37க்கு மளமளவென்று இறங்கும் என்றுதான் நாம் நினைப்போம். இறங்குவதில்லை. உள்ளே இன்னும் சூடு இருக்கும்போதே தோலுக்கான ரத்த ஓட்டமும் வேர்வையும் வேகமாகக் குறையத் தொடங்கிவிடுகின்றன.

இதற்குப் பெரிய காரணம் ரத்த அழுத்தம். ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. நீங்கள் சட்டென்று நின்றதும் அந்தப் பம்பும் நிற்கிறது. தோலின் குழாய்கள் விரிந்தபடி இருக்க, ரத்தம் காலில் தேங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. உடல் அப்போது அழுத்தத்தைக் காப்பாற்றப் போய்விடும். குளிர்விக்கும் வேலை இரண்டாம் பட்சம். அதனால் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் ஆன பிறகுகூட உள்வெப்பம் அரை டிகிரி கூடுதலாகவே இருக்கலாம்.

இரண்டு வாளி குளிர்ந்த தண்ணீர் தோலைக் குளிரவைக்கும், தோலின் குழாய்களைச் சுருக்கும். உள்சூட்டை அந்த ஐந்து நிமிடக் குளியல் பெரிதாக அசைக்காது. துவட்டிச் சட்டை போட்டதும் குழாய்கள் மறுபடி விரிகின்றன, வேர்வை திரும்புகிறது, புழுக்கத்தில் ஆவியாக வழியில்லாமல் சட்டையில் இறங்குகிறது. ‘வேர்வை அடங்கட்டும், அப்புறம் குளி’ என்று பாட்டிகள் சொன்னது சரியான பேச்சுதான். சளி பிடிக்கும் என்று அவர்கள் சொன்ன காரணம்தான் சரியில்லை.

பச்சைத் தண்ணீரால் நனைவது சட்டை மட்டும். வெந்நீர் விஷயம் வேறு. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்த மருந்து சாப்பிடுகிறவர், ஏழு கிலோமீட்டர் ஓடிவிட்டு நேரே வெந்நீர் ஷவரில் போய் நின்றிருக்கிறார். குளியலறையில் மயங்கி விழுந்து புருவத்தில் மூன்று தையல். வலிப்பாக இருக்குமோ என்று குடும்பம் பயந்து தலை ஸ்கேன் வரை போய்விட்டு என்னிடம் வந்தது. ஸ்கேன், ஈசிஜி, சர்க்கரை எல்லாம் சரியாகவே இருந்தன. ஏற்கெனவே விரிந்திருந்த குழாய்களை வெந்நீர் இன்னும் விரித்திருக்கிறது. வேர்த்து நீர் குறைந்த உடம்பு, அதோடு மாத்திரை. நான் மருந்தை நிறுத்தவில்லை. ஓடி முடித்ததும் பத்து நிமிடம் மெதுவாக நடக்கவும், பிறகு நிழலில் காற்றோட்டமாகப் பத்து நிமிடம் உட்காரவும், அதன் பிறகு பச்சைத் தண்ணீரில் குளிக்கவும் சொன்னேன். அதற்கப்புறம் விழவில்லை.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீராகவோ உப்புப் போட்ட மோராகவோ குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள், அதுவும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம்தான் அது அதிகம் காணப்பட்டது.

எடை குறைய பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆவியாகும் வழியை நாமே அடைக்கும் வேலை அது. 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், போட்டிக்கு எடை குறைக்க இப்படிக் காற்றுப் புகாத உடையில் பயிற்சி செய்து, ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். இதில் குறைவது தண்ணீரின் எடை. இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று, பாராசிட்டமால். வெயிலில் ஓடி உடம்பு கொதிக்கிறது என்று அதைப் போட்டுக்கொள்கிறார்கள். காய்ச்சலில் ஹைபோதலாமஸ் தானே தன் இலக்கை 39க்கு ஏற்றி வைக்கிறது. அதனால்தான் உடம்பு அனலாக இருக்கும்போதே குளிர் நடுங்கிப் போர்வை கேட்கிறோம். மாத்திரை இறக்குவது அந்த இலக்கை. ஓடியவருக்கு இலக்கு 37இலேயே இருக்கிறது, மாத்திரைக்கு அங்கே வேலை கிடையாது.

ஓட்டத்தின் முடிவிலோ முடித்த சற்று நேரத்திலோ ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், எரிந்து விழுந்தால், மயங்கினால், உடம்பும் அனலாக இருந்தால், அதை வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்படும் நிலை அது. தோல் வறண்டிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடி வந்தவருக்குத் தோல் நனைந்தே இருக்கும். 108க்கு ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கி, ஷூவையும் சட்டையையும் கழற்றி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.